வயிறு போட்ட கையெழுத்து

பிழிந்த துணியை மறுபடி பிழிவது போல தொப்புளுக்கு நாலு விரல் கீழே வலி தொடங்கும்போது, மிக்ஸரில் மாவு இன்னும் ஆறு நிமிடம் சுழல வேண்டியிருக்கும். விட்டுவிட்டுப் போக முடியாது. ஐம்பது கிலோ மைதா, முப்பது லிட்டர் தண்ணீர், ஈஸ்ட், உப்பு. பாதியில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும், கூடுதலாக ஓடினால் சூடேறித் தொளதொளத்துவிடும். தொடைகளை இறுக்கி, பல்லைக் கடித்து, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ரொட்டி ஆலையில் பதினோரு வருடம் மாவு பிசைந்தவன் நான். கடைசி மூன்று வருடம் இப்படித்தான் நின்றேன்.

கழிப்பறைச் சாவி சூப்பர்வைசரின் கழுத்தில் விசிலோடு சேர்ந்து தொங்கும். அதனால் அவருக்கு விசில் என்றே பெயர். சாவி வேண்டுமானால் நோட்டில் போன நேரம், வந்த நேரம் எழுத வேண்டும்.

"யோவ், இன்னைக்கு இது நாலாவது தடவை. உள்ள என்ன கடை போட்டிருக்கியா?"

"வயிறு சரியில்லை சார்."

"எப்பத்தான்யா சரியா இருந்துச்சு? உனக்குன்னு தனி நோட்டே போடணும் போல."

அடுத்த வாரமே தனி நோட்டு போட்டார். கூட வேலை செய்தவர்கள் எனக்கு 'கக்கூஸ் மேனேஜர்' என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். நிஜ மேனேஜர் தன் அறையில் இருக்கும் நேரத்தைவிட நான் என் அறையில் அதிக நேரம் இருக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் அது பொய்யில்லை.

அறுபத்தெட்டு கிலோவாக வேலைக்குச் சேர்ந்தவன் ஐம்பத்தொன்றில் நின்றேன். வாய் முழுக்கப் புண். முட்டி இரண்டும் ஆணி அறைந்தது போல் வலிக்கும். முதுகில் மூட்டையோடு ஏழு படி ஏறினால் கண் முன்னே பூச்சி பறக்கும். புதன்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஆலைக்கு ஒரு டாக்டர் வருவார். விரல் வெட்டுப்பட்டாலும், காய்ச்சல் அடித்தாலும், காது கேட்காமல் போனாலும் ஒரே ரோஸ் கலர் மாத்திரைதான்.

"குடிப்பியா?" என்றார்.

"இல்லைங்க."

"அப்ப மனசுல கவலை."

"வயித்துலதாங்க வலி."

"அதான் சொல்றேன். கவலைதான்."

மாத்திரையை விழுங்கிவிட்டு மாவுக்குத் திரும்புவேன். மாவு அறையில் மூச்சு விட்டாலே மாவுதான் உள்ளே போகும். காலையில் உள்ளே போகிற கருத்த தலைகள் எல்லாம் மதியத்துக்குள் நரைத்துவிடும், புருவம் உட்பட. கேன்டீனில் மூன்று வேளையும் ரொட்டி. வீட்டுக்குப் போகும்போது வெடித்ததும் கருகியதுமாக ஆளுக்கு இரண்டு ரொட்டி இனாம். கம்பெனி எங்களை வஞ்சித்ததென்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்த எல்லாவற்றையும் நான் தின்றேன்.

என் கைக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது. பிசைந்த மாவில் எலுமிச்சம்பழ அளவு கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெல்ல இழுப்பேன். கிழியாமல் வெங்காயத் தோல் போல விரிந்து, அந்தப் பக்கம் எரிகிற டியூப்லைட் இந்தப் பக்கம் தெரிந்தால் மாவு தயார். மெஷின் காட்டுகிற நேரம் தப்பும், என் விரல் தப்பாது. அந்த இழுவைதான் ரொட்டியைத் தூக்கி நிறுத்துகிறது என்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பெயர் இருப்பது மேனேஜர் மாநாட்டுக்குப் போய் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஐந்து நாள் மாநாடு. திரும்பி வந்தவர் ரொட்டியைத் தொடவில்லை. தனக்கும், தன் மனைவிக்கும், வீட்டு நாய்க்கும் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று விமானத்திலேயே கண்டுபிடித்துவிட்டாராம். ரத்தப் பரிசோதனை ஒன்றும் கிடையாது. வசதியுள்ளவர்களின் வயிறு சொன்னால் சொன்னதுதான், அதற்கு சாட்சி தேவையில்லை.

எங்களை முற்றத்தில் நிற்கவைத்து ஒரு சொற்பொழிவு நடத்தினார். "குளூட்டன்ங்கறது ஒரு மாதிரி கெமிக்கல். பசை மாதிரி. உள்ள போய் குடல்ல ஒட்டிக்கும்."

அடுப்பு பார்க்கிறவர் கை தூக்கினார். "அந்தக் கெமிக்கலை நாம எப்ப சார் கலக்குறோம்?"

"நாம கலக்கலைய்யா. கோதுமையிலயே இருக்கு. தண்ணி விட்டுப் பிசைஞ்சா வரும்."

"அப்ப கெமிக்கல்னு சொல்றது கோதுமையவா, இல்ல பிசையறவனையா சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். விசில் தன் விசிலை எடுத்து ஊதினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் வருவது, இழுத்தால் கிழியாதது. பதினோரு வருடமாக விளக்குக்கு நேரே பிடித்து நான் பெருமைப்பட்டதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அரிசி மாவிலும் கிழங்கு மாவிலும் 'குளூட்டன் இல்லாத ரொட்டி' போடப் போகிறோம், விலை நாலு மடங்கு, அதற்குத் தனி அறை, ஏசி, புது மெஷின் என்றார். ஆளுக்கொரு விளம்பரத் தாள் கொடுத்தார்கள். மதியம் கழிப்பறையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். வயிறு உப்புசம், ஓயாத பேதி, எடை குறைதல், வாய்ப்புண், ரத்தசோகை, எலும்பு வலி, சொல்ல முடியாத அசதி. என் ஜாதகத்தை யாரோ பளபள தாளில் அச்சடித்து, கீழே ஒரு பெண் சிரித்துக்கொண்டு ரொட்டி தின்னும் படம் போட்டிருந்தார்கள்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், இதுல போட்டிருக்கறது அத்தனையும் எனக்கு இருக்கு. என்னை அந்த அரிசி மாவு அறைக்கு மாத்திவிடுங்க."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது வாங்கறவங்களுக்கு வர்ற வியாதிப்பா. செய்யறவங்களுக்கு வராது."

"எனக்கு வந்திருக்கு சார்."

"இப்படித்தான் காலைல இருந்து ஒன்பது பேர் வந்துட்டாங்க. ஏசி ரூம்னதும் எல்லாருக்கும் குடல் கெட்டுப்போச்சு. டாக்டர் பேப்பர் கொண்டா, பாக்கலாம்."

அன்று மாலை தட்டுகளையும் மெஷின்களையும் கழுவுகிற அக்காவிடம் சொன்னேன். எல்லோரும் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருடம் சுடுதண்ணீரில் ஊறி அவர் விரல் நுனிகள் வெளுத்திருக்கும்.

"காசா பணமா, ரெண்டு மாசம் ரொட்டியை விட்டுப் பாரு தம்பி."

"வெறும் சோத்துல நிக்க முடியுமாக்கா?"

"இப்ப மட்டும் நிக்கிறியாக்கும்? உக்காந்துல்ல கெடக்க."

விட்டேன். வீட்டில் சோறும் அவித்த முட்டையும். இனாம் ரொட்டியை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். வேலை நேரத்தில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது வாரம் வயிறு அடங்கியது. ஆறாவது வாரம் விசில் என் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "என்னய்யா, கடையை மூடிட்டியா?" என்றார். இரண்டு மாதத்தில் மூன்று கிலோ ஏறினேன். ஆனால் மூட்டையைக் கொட்டும்போது எழும்பும் மாவு துணிக்குள்ளும் புகுந்தது. அந்த அறையைவிட்டு வெளியே வந்தால்தான் முழுதாகப் பிழைப்பேன் என்று தெரிந்தது. ஆலையைவிட்டே வந்துவிட்டாலோ வீட்டில் சோறும் இல்லை. எனக்கு வேண்டியது ஒரு காகிதம்.

அரசு ஆஸ்பத்திரியில் பாதிநாள் வரிசையில் நின்றபின் ரத்தம் எடுத்தார்கள். வந்த முடிவில் ஒன்றும் இல்லை. குடல் டாக்டரம்மா, காலையிலிருந்து எண்பது பேரைப் பார்த்த களைப்போடு, "எப்பக் கடைசியா ரொட்டி சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா தொடலைங்க. நீங்க பாராட்டுவீங்கன்னு நெனச்சேன்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எதிரி உள்ள வந்தாத்தான் உடம்பு சண்டை போடும். சண்டை நடந்த தடயத்தைத்தான் நாங்க ரத்தத்துல தேடறோம். நீங்க ரெண்டு மாசம் முன்னாடியே எதிரியை விரட்டிட்டு வந்து நிக்கிறீங்க. சோதனைக்கு முன்னாடி யாரும் நிறுத்தக் கூடாது. எல்லாரும் பண்ற தப்பு இது."

"இப்ப என்ன பண்றது?"

"மறுபடி சாப்பிடணும். தினம் நாலு துண்டு, ஆறு வாரம். தாங்க முடியலைன்னா உடனே வந்துடுங்க."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "விஷம்னு நிரூபிக்க விஷத்தைத் திங்கணுமா? நல்லா இருக்கு உங்க சட்டம். நான் கெட்டவள்னு நிரூபிக்க யாரைக் கட்டிக்கிட்டு ஆறு வாரம் இருக்கப் போறீங்க?"

"உன்னைத்தான் பதிமூணு வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேனே."

"அதான் முடிவு தெரிஞ்சு போச்சுல்ல. விடுங்க."

ஆனாலும் நாலு துண்டையும் எண்ணித் தட்டில் வைத்தது அவள்தான். வைத்துவிட்டு நான் தின்பதைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஆறு வாரத்தில் ஏறின மூன்று கிலோவும், அதற்கு வட்டியாக இரண்டு கிலோவும் போயின. ஒரு நாள் சாவி வாங்க விசிலைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிட்டது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை. பேன்ட்டைத் துவைக்கத் தண்ணியக்கா வாளி கொடுத்தார்.

இந்த முறை ரத்தத்தில் தடயம் இருந்தது. வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலையும் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டரம்மா தன் மேஜைமேல் கிடந்த கைத்துண்டை எடுத்துக் காட்டினார். "குடலுக்குள்ள இப்படி நூல் நூலா நிக்கணும். அதுதான் சாப்பாட்டுல இருக்கற சத்தை உறிஞ்சும். உங்களுக்கு அது தேஞ்சு மழமழன்னு ஆயிருச்சு. நீங்க சாப்பிட்டது எதுவும் உடம்புல சேரலை. ரத்தம் குறைஞ்சது, எலும்பு வலிச்சது எல்லாம் அதனாலதான்."

"மருந்து?"

"கோதுமை, பார்லி, ரைங்கற தானியம் எதுவும் உயிருள்ளவரைக்கும் கூடாது. துணுக்குகூட கூடாது. அதுதான் மருந்து. நூல் திரும்ப முளைக்கும், ஆனா மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷக்கணக்காகும்." பிறகு அவராகவே சொன்னார்: "குடல் நல்லா இருந்தும் கோதுமை ஒத்துக்காம அவதிப்படறவங்க இருக்காங்க. அவங்க வலியும் நிஜம்தான். ஆனா அவங்களுக்கு இப்படி ஒரு காகிதம் தர என்கிட்ட சோதனை இல்லை. உங்களுக்கு இருக்கு. பத்திரமா வச்சுக்கோங்க."

மேனேஜருக்கும் நிஜமாகவே வலித்திருக்கலாம் என்று அப்போதுதான் முதல்முறை நினைத்தேன். நாயைப் பற்றி இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.

காகிதத்தைப் படித்த மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"துணுக்குகூட தாங்காதா?"

"தாங்காது சார்."

"எவ்வளவு நேரத்துல தெரியும்?"

"தொண்டைல இறங்கி மூணு நாலு மணி நேரத்துல பிழிய ஆரம்பிச்சிரும் சார். காலைக்குள்ள நிச்சயம்."

அவர் விசிலைக் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவை போடும் ரொட்டியிலும் குளூட்டன் கலந்திருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டிலிருந்து பரிசோதனைப் பட்டை வாங்க வேண்டுமாம், ஒரு பட்டை நாற்பது ரொட்டி விலையாம். "இவருக்கு ரெண்டு துண்டு போதும்" என்று சிரித்தார். மறுநாள் எனக்கு வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் பேனா, ஏசி அறையில் ஒரு நாற்காலி. பதினோரு வருடத்தில் அந்த ஆலையில் எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி. தர ஆய்வாளர் என்று பதவி. கழிப்பறைச் சாவியையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள், கருவி சரியாக வேலை செய்ய வேண்டுமே.

தினம் மதியம் அரிசி ரொட்டியில் இரண்டு துண்டு தின்ன வேண்டும். விடியும்வரை வயிறு சும்மா இருந்தால், மறுநாள் காலையில் பதிவேட்டில் கையெழுத்து. அதற்குப் பிறகுதான் லாரி கிளம்பும். 'கக்கூஸ் மேனேஜர்' போய் 'மீட்டர்' என்று பெயர் வந்தது. "மீட்டர் ஓடுதா, நிக்குதா?" என்று லாரிக்காரர் காலையில் குரல் கொடுப்பார்.

"எலியாடா வச்சிருக்காங்க உங்களை?" என்றாள் மனைவி. கோபத்தில் அவளுக்கு மரியாதை பாதியில் கழன்று பாதியில் மாட்டிக்கொள்ளும்.

"எலிக்கு நாற்காலி போட மாட்டாங்க" என்றேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது இதைச் சொன்னதும் டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். "வயிறு கத்தலைன்னா உள்ள ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமில்லைங்க. சிலருக்குச் சத்தமே இல்லாம குடல் கெடும். உங்க கையெழுத்தை நம்பி வாங்கறவங்களுக்கு நீங்க என்ன உத்தரவாதம் கொடுக்கறீங்க?"

மேனேஜரிடம் இதை அப்படியே சொன்னேன். "அந்தம்மா ரொட்டி விக்கிறாங்களா?" என்று கேட்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எல்லாவற்றையும் அதோடு விட்டுவிடுவது சுலபமாகப் பழகிவிடுகிறது. நாலு மாதம் அரிசி ரொட்டி சுத்தமாகவே இருந்தது, நானும் ஐந்து கிலோ ஏறினேன்.

பிறகு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. புது மெஷினுக்கு அவ்வளவு கொள்ளளவு இல்லை. என் பழைய மிக்ஸரிலேயே அரிசி மாவைப் போடச் சொன்னார் மேனேஜர். கோதுமை மாவு அந்த மிக்ஸரில் மாவைப் பிசைகிற கொக்கியிலும் மூடியிலும் அச்சுக்குள்ளும் காய்ந்து பாறையாகியிருக்கும். கழற்றி, ஊறவைத்து, சுரண்டிக் கழுவத் தண்ணியக்காவுக்கு நாலு மணி நேரம் வேண்டும். விசில் நாற்பது நிமிடம் கொடுத்தார்.

மதியம் என் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கையில் சுரண்டி. "தம்பி, அச்சைக் கழட்டவே விடலை. மேலாகத் தண்ணி ஊத்தித் தொடைச்சேன், அவ்வளவுதான். இது கழுவினதே இல்லை. நீ இதைத் திங்காத, கையெழுத்தும் போடாத."

"சரிக்கா" என்றேன்.

அக்கா போனபின் இரண்டு துண்டையும் தின்றேன். ஏன் தின்றாய் என்று மனைவி கேட்டாள், இன்னும் கேட்கிறாள். தின்னாமல் கெட்டது என்று எழுதினால், கருவி எதற்கு என்று கேட்பார்கள். தின்றுவிட்டுக் கெட்டது என்று சொன்னால் அதற்கு ஆதாரம் இருக்கும் என்று நினைத்தேன். ஆறு வாரம் ரொட்டி தின்று காகிதம் வாங்கியவனுக்கு வேறு வழி தோன்றவில்லை.

சாயங்காலமே பிழியத் தொடங்கியது. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தேன். லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மேனேஜரே பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"மீட்டர் ஓடிருச்சு சார்" என்றேன். "சரக்கு கெட்டது. கொக்கியில கோதுமை இருந்திருக்கு."

"நேத்து வீட்ல என்ன சாப்பிட்டே?"

"சோறு, முட்டை."

"முட்டை கெட்டுப்போயிருக்கும்."

"சார், எனக்குத் தெரியாதா? இது அந்த வலிதான்."

அவர் கோபப்படவில்லை. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இதோ பாருப்பா. நாலு மாசம் சரியா காட்டின கருவி இன்னைக்குத் தப்பாக் காட்டினா என்ன அர்த்தம்? கருவி ரிப்பேர். ரிப்பேரான கருவியை இங்க வச்சுக்க முடியாது. மிக்ஸர்ல ஆள் குறையுது. நாளைல இருந்து அங்க போயிரு. இல்லைன்னா முட்டைதான்னு நீயே யோசிச்சுச் சொல்லு."

மாவு அறைக் கதவு என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியும். அப்போது யாரோ மூட்டையைக் கொட்டினார்கள், வெள்ளைப் புகை வாசல்வரை வந்தது. அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் கையெழுத்துப் போட்டேன். கோணலாக விழுந்தது. லாரி கிளம்பியது.

நாலாம் நாள் தகவல் வந்தது. அந்த ரொட்டியைத் தின்ற ஏழு பேர் படுத்துவிட்டார்கள். ஒருத்தி எட்டு வயதுப் பெண் பிள்ளை, வாந்தியும் பேதியும் நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உணவுத் துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். மேனேஜர் அறையில் எங்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். மேனேஜர் பதிவேட்டைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார். வியாதியுள்ள ஆளையே வைத்துச் சோதிக்கிறோம், உலகத்தில் எங்குமில்லாத கவனம் என்றார். சரக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் கழுவுகிற பெண் அலட்சியமாக விட்டிருக்கிறாள் என்றார்.

"அலட்சியமா?" தண்ணியக்கா முன்னால் வந்தார். "நாலு மணி நேர வேலைக்கு நாப்பது நிமிஷம் கொடுத்தாங்கய்யா. கழுவலைன்னு அன்னைக்கே சொன்னேன். இந்தத் தம்பிகிட்டதான் சொன்னேன். கேளுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?"

விசில் தரையைப் பார்த்தார். மேனேஜர் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே அக்காவை நிறுத்திவிட்டார்கள். இருபது வருடத்துக்குக் கணக்கு முடித்து, ரப்பர் ஏப்ரனைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாசலில் என்னைப் பார்த்து நின்றார். வசவு வரும் என்று காத்திருந்தேன்.

"உனக்கு ஞாபகம் இல்லைன்னா போகட்டும் தம்பி. உன் குடலுக்குமா ஞாபகம் இல்லாமப் போச்சு?"

அவர் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அந்தப் பெண் பிள்ளை ஆறு நாளில் வீடு திரும்பியதாகச் சொன்னார்கள். கம்பெனி கடைசியில் பரிசோதனைப் பட்டை வாங்கிவிட்டது. என்னையும் வைத்திருக்கிறார்கள், பட்டையில் வரும் கோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று. நான் எதையும் தின்ன வேண்டியதில்லை. அறுபத்திரண்டு கிலோ ஆகிவிட்டேன், வாய்ப்புண் இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. தண்ணியக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அவருக்கு நான் ஒரு வாக்கியம் பாக்கி. "கழுவலைன்னு அக்கா என்கிட்ட சொன்னாங்க, வயித்து வலியோட, தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்." இதை அந்த அதிகாரியின் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அவருடைய அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், சனிக்கிழமை மதியம்வரை திறந்திருக்கும். ஏழு மாதமாகிறது. இன்னும் போய்ச் சொல்லவில்லை.